பால்மரத்து வேரும் களைக்கொல்லியும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் இரப்பர் நட்டார். பிற்காலத் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க மண்வெட்டியோடு சோடியம் ஆர்சனைட்டும் வந்தது. அந்நஞ்சு மேய்ந்த மாடுகளையும் கொல்லவல்லது.

1962இல் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. இது பட்ட பச்சையைச் சுடும். மண்ணைத் தொட்டதும் களிமண் துகள்கள் இதனை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆதலின் மேல்மண்ணிலே படர்ந்த பால்மரத்தின் ஊட்டுவேர்களுக்கு ஊறில்லை. பழுப்பேறிய பட்டையும் தாங்கும். பச்சைத் தண்டுள்ள இளங்கன்றோ கருகும்.

ஆனால், வேரைக் காத்த அதே இயல்பு லாலாங்கின் நிலத்தடித் தண்டையுமன்றோ காத்தது! புல் மீண்டும் தளிர்க்க, மீண்டும் மருந்தடிப்பு. தோம்பு சுமந்தோரிற் பலர் நம் பெண்டிர். கீறல்பட்ட தோல்வழிப் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும் அந்நஞ்சை அவர்கள் உடலில் பற்றி நிறுத்தக் களிமண் ஏது?

அரசு 2002இல் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.