விளியும் மறுமொழியும்: இரங்கூன் வானொலி முதல் நேரலை வரை

யாங்கோன் மாநகர நடுப்பகுதியின் மேற்குப் புறத்தில் அமைந்தது லான்மடாவ். பர்மிய மொழியில் அப்பெயர் பெருவழியைக் குறிக்கும். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவருள் தமிழர் குறிப்பிடத்தக்க தொகையினர். இம்மாநகரில் ஒலித்த ஒரு குரலைத் தொடக்கமாகக் கொண்டு, இன்றைய நேரலையாளர் பேச்சு கேட்போரை ஈர்க்கும் முறையை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1944 சூலை 6ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இரங்கூன் வானொலியில் காந்தியடிகளை விளித்துப் பேசினார். அவ்வுரையில் அவரைத் தேசத்தந்தை என அழைத்தார். கண்ணெதிரே இல்லாத ஒருவரை முன்னிருப்பவராகக் கொண்டு பேசும் இம்முறை, கேட்ட ஒவ்வொருவரையும் அவ்வுரையாடலுக்குச் சான்றாக்கியது. எனினும் அவர்கள் மறுமொழி கூற அன்றைய வானொலியில் வழியில்லை.

மறுமொழிக்கு இடமளித்தல் தமிழ் மேடைக்குப் புதிதன்று. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகரின் கூற்றுக்குப் பக்கப்பாடகர் 'ஆமாம்' எனக் குரல் கொடுத்துக் கதையை நகர்த்துவார். இலங்கை வானொலி இதனை வேறு வகையில் நிறைவேற்றியது. 1952 முதல் அகில இந்திய வானொலி திரையிசையைக் குறைத்தபோது, தமிழக நேயர் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். பாடல் மட்டுமன்றி, அஞ்சலட்டையில் எழுதியனுப்பிய தம் பெயரை அறிவிப்பாளர் வாசிக்கக் கேட்பதும் அவர்களைப் பிணித்தது. அஞ்சலில் நாள்கள் பல கடந்து நிகழ்ந்த அவ்விளி, நேரலையில் சில நொடிகளில் நிகழ்கிறது. பார்ப்பவர் பெயரைச் சொல்லி வரவேற்றல், ஊரை வினவுதல், வந்த கேள்வியை உரக்கப் படித்து விடையிறுத்தல் ஆகிய மூன்றும் நேரலைப் பேச்சின் அடிப்படைக் கூறுகளாகும்.

மியன்மார்த் தமிழரை நோக்க இது தனிச் சிறப்புடையது. 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், வணிக நிறுவனங்களும் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். எஞ்சியோரிடையே தமிழ்க் கல்வி நலிந்தது. பேச்சுத் தமிழோ இல்லங்களிலும் கோயில்களிலும் நிலைபெற்றது. தமிழைப் பேச அறிந்தும் படிக்க அறியாத ஒருவருக்கு, அச்சிட்ட நூல் திறவாத வாயிலை நேரலை திறக்கிறது. அவ்வாயிலும் உறுதியானதன்று. 2021 பெப்ரவரி 1ஆம் நாள் ஆட்சிக் கவிழ்ப்பு நிகழ்ந்தது. 4ஆம் நாளே அந்நாட்டில் முகநூல் தடுக்கப்பட்டது.

இரங்கூன் உரையின் வாசகம் இன்று கிடைக்கிறது. அதனைக் கேட்டோர் அன்று சொன்னவை கிட்டுதற்கு அரியன. நேரலையில் பேச்சும் மறுமொழியும் பிரிக்கவியலாதன. ஆதலின் ஆய்வு நூலகங்கள் தமிழ் நேரலைகளைப் பேணுங்கால், காணொளியோடு பார்வையாளர் இட்ட கருத்துகளையும், உரியவர் இசைவு பெற்று, நேர வரிசை பிறழாது சேமித்தல் வேண்டும். மறுமொழியை நீக்கிய பதிவு, அப்பேச்சு ஏன் அவ்வாறு திரும்பியது என்பதை வருங்கால ஆய்வாளருக்கு உணர்த்தாது.