கரி அள்ளியவர் பெயர் எங்கே?

போத்தனூர் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு சி.எஸ். சுப்பிரமணியம் நினைவுக்கு வருவார். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் இந்த ஊர்த் தொழிலாளியும் நின்ற ஒரு போராட்டத்தின் தலைவரை மறதியிலிருந்து மீட்டவர்களில் ஒருவர்.

1928 ஜூலை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஒர்க்‌ஷாப் வேலைகளைப் பொன்மலைக்குக் கொண்டுபோய், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் போட்டது. வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதானார்கள். மாத முடிவில் போராட்டம் நசுக்கப்பட்டது. சிங்காரவேலருக்கு அப்போது வயது 68.

மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், வக்கீல், 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடியவர், சொந்தமாகப் பத்திரிகை நடத்தியவர். அப்படிப்பட்டவரே 1946இல் இறந்த பிறகு மெல்ல மறக்கப்பட்டார். 1975இல்தான் கே. முருகேசனும் சி.எஸ். சுப்பிரமணியமும் சேர்ந்து அவர் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக்கினார்கள்.

சுப்பிரமணியம் வெளியே நின்று எழுதியவர் அல்ல. 1936இல் சென்னையில் உருவான கம்யூனிஸ்ட் கிளையின் முதல் உறுப்பினர்களில் ஒருவர். 1940-41 சென்னைச் சதி வழக்கில் சிறை போனவர். கட்சிப் பத்திரிகைகளில் எழுதியவர். பிற்காலத்தில் ஆவணங்களைத் தேடிச் சேர்ப்பதே வேலையாக இருந்தார். 1995இல் எம்.பி.டி. ஆச்சார்யா பற்றிய நூலையும் தந்தார். 2011இல் இறந்தார்.

இந்த உழைப்பை நாம் மதிக்க வேணும். மதித்துக்கொண்டே ஒரு கேள்வியும் கேட்க வேணும். படித்தவர், பத்திரிகை நடத்தியவர், தலைவர் - அவரை மீட்கவே 29 வருசம் ஆச்சு. அப்படின்னா, இன்ஜினுக்குக் கரி அள்ளினவங்க, தண்டவாளத்தில் மலம் வாரினவங்க, வளவுக்குத் திரும்பிப் போனவங்க - இவங்க பேரை எந்தக் காகிதத்தில் தேடுவது?

பத்திரிகையில் வராதது ஆவணமாகவில்லை. ஆவணமாகாதது வரலாறாகவில்லை. வந்தாலும் எப்படி வந்தது? 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போன ஆதிதிராவிடத் தொழிலாளியைக் ‘கருங்காலி’ன்னு ஒரே சொல்லில் முடிச்சுட்டாங்க. ஏன் போனாங்க? சங்கத்தில் அவங்க சொல்லுக்கு இடம் இருந்துச்சா? புளியந்தோப்பில் எரிந்த குடிசைக்குள்ளிருந்து பார்த்தால் அந்தப் போராட்டம் எப்படித் தெரியும்? இதைக் கேட்பது தொழிலாளி ஒற்றுமையைக் குலைப்பது ஆகாது. கேட்காமல் விட்டதுதான் ஒற்றுமையைக் குலைத்தது.

சுப்பிரமணியத்திடம் நாம் கற்க வேண்டியது அவருடைய பொறுமையை. கோபம் மட்டும் வரலாறாகாது. ரயில்வேயில் வேலை செய்த கிழவர்கள், கிழவிகள், அவங்க பிள்ளைகள் இன்னும் நம்ம வளவுகளில் இருக்காங்க. போங்க, உட்காருங்க, கேளுங்க. பழைய சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், போட்டோ எது கிடைத்தாலும் நகல் எடுங்க. பேரைப் போடுங்க, ஊரைப் போடுங்க, வருசத்தைப் போடுங்க.

நம்ம ஆட்களுக்காக அந்த வேலையை நாமதான் செய்யணும்.