வருகைக்குக் கொடுத்த விலை

மாணாக்கர் நாள்தோறும் தவறாமல் பள்ளிக்கு வருதலும், மணி அடிக்குமுன் வகுப்பில் அமர்தலும் கல்விக்கு முதற்படி என்பதில் ஆசிரியர் எவருக்கும் ஐயம் இல்லை. அவ்வருகையை எவ்வாறு பெறுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. அன்பால் பெறலாம் என்பர் சிலர். அச்சத்தால்தான் பெற முடியும் என்பர் வேறு சிலர். பரிசு கொடுத்தால் போதும் என்பாரும் உளர். இம்மூன்றையும், இவற்றுக்கு மேலும் சிலவற்றையும் செய்து பார்த்த நாடு இங்கிலாந்து. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்நாடு பிள்ளையின் வருகைக்கு ஒரு விலை வைத்தே வந்திருக்கிறது. அவ்விலையை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து தண்டமாகப் பெறுவது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

தொடக்கம் பள்ளியில் இல்லை, நூற்பாலையில் இருக்கிறது. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நூற்பாலைகளில் வேலை செய்யும் ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று விதித்தது. பிள்ளை பள்ளிக்குச் சென்றான் என்பதற்கு ஆசிரியர் வாரந்தோறும் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இல்லாத பிள்ளையை ஆலையில் வைத்துக்கொள்ளலாகாது. சட்டம் நன்று. ஆனால் தொழிற்சாலை ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, சில சான்றிதழ்களில் ஆசிரியரின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கற்குறி மட்டுமே இருந்தது. சான்று வழங்கிய ஆசிரியருக்கே எழுதத் தெரியாது! 1844ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் தம் பெயரை முழுமையாகத் தம் கையாலேயே எழுத வேண்டும் என்று தனியே ஒரு விதி செய்ய வேண்டியதாயிற்று. கற்பித்தல் நடந்ததா என்று கேளாமல், வருகை பதிவாயிற்றா என்று மட்டும் கேட்டால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்த மாற்றம் 1862இல் வந்தது. இராபர்ட் லோ என்பார் கொண்டுவந்த திருத்தக் கல்வி விதிகள், அரசின் மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும் தேர்வோடும் பிணைத்தன. சராசரி வருகையில் தலைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஓராண்டில் 200 வேளைக்குக் குறையாமல் வந்து, ஆய்வாளர் முன் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒவ்வொரு பாடத் தோல்விக்கும் 2 ஷில்லிங் 8 பென்னி கழிக்கப்படும். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை எனக் கணக்கு. பதிவேட்டைக் குறித்த நேரத்தில் மூடிவிட வேண்டும். மூடிய பின் வந்த பிள்ளை வாராத பிள்ளையே. ஐந்து நிமிடத் தாமதம் பள்ளியின் வருமானத்தில் கைவைத்தது. பல பள்ளிகளில் ஆசிரியரின் ஊதியமும் அந்த மானியத்தைப் பொறுத்தே அமைந்ததால், வாயிலில் ஓடி வரும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரின் கண்ணில் அவன் சில பென்னிகளாகவும் தெரிந்திருப்பான் என்றால் மிகையாகாது.

அதே விதிகள், தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் பள்ளி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றும் பணித்தன. அரசுக்குக் கணக்குக் காட்டுவதற்காக எழுந்த அந்நாட்குறிப்புகள் இன்று வரலாற்று ஆராய்ச்சியாளர்க்குப் பெருஞ்செல்வம். அவற்றில் திரும்பத் திரும்ப வருவன சில செய்திகளே: அறுவடைக்குச் சென்றமையால் வருகை குறைவு, உருளைக்கிழங்கு பொறுக்கச் சென்றனர், பெருமழை, தட்டம்மை, காலில் போட்டுவரச் செருப்பு இல்லை, தாய் நோயுற்றமையால் மூத்த பெண் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். சோம்பல் என்ற சொல் அந்த ஏடுகளில் இல்லாமல் இல்லை. ஆயினும் வேலையும் வறுமையும் நோயும் பிடித்துக்கொண்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் அது பிடித்த இடம் சிறிது.

மானியம் பதிவேட்டைப் பொறுத்ததால் பதிவேட்டில் பொய் எழுதும் ஆவலும் பிறந்தது. அதனால் மையால் எழுத வேண்டும், அழிக்கலாகாது என்ற விதிகள் இறுகின. பொய்ப் பதிவு செய்த ஆசிரியர் தம் சான்றிதழையே இழக்க நேரிட்டது. நோயுற்ற பிள்ளைகளும் தேர்வு நாளன்று பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டதுண்டு. புலவரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ அர்னால்டு இம்முறையைத் தொடக்கம் முதலே கடுமையாகக் கண்டித்தார். எனினும் அது 1890க்குப் பிறகே படிப்படியாகக் கைவிடப்பட்டது. இதற்குள் இதன் நிழல் கடல் கடந்து சென்னை மாகாணத்திலும் விழுந்திருந்தது. தேர்வு முடிவை ஒட்டி மானியம் அளிக்கும் முறை அங்கும் பல ஆண்டுகள் நடந்தது.

பள்ளிக்கு விலை கொடுத்தும் பிள்ளைகள் போதிய அளவில் வாராமற்போகவே, சட்டம் பெற்றோரை நோக்கித் திரும்பியது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் பள்ளி வாரியங்கள் அமைக்க வழி செய்து, ஐந்து முதல் பதின்மூன்று வயது வரை கட்டாய வருகைக்குத் துணைவிதி செய்யும் உரிமையையும் அவற்றுக்கு அளித்தது. மீறிய பெற்றோருக்கு, வழக்குச் செலவையும் சேர்த்து, 5 ஷில்லிங்குக்கு மேற்படாத தண்டம். 1880இல் மண்டெல்லாவின் சட்டம் கட்டாயத்தை நாடு முழுமைக்கும் ஆக்கியது. இவ்விரண்டுக்கும் இடையே 1876இல் வந்த சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தேர்வில் தேறினால் வேலைக்குச் செல்லலாம்; தேறாவிட்டாலும், ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு 250 வேளை ஒழுங்காக வந்திருந்தால் அப்போதும் செல்லலாம். மக்கள் இதை 'மந்தன் சீட்டு' என்று எள்ளினர். பள்ளிக்கு ஒழுங்காக வந்ததற்குப் பரிசு பள்ளியை விட்டு நீங்கும் உரிமை!

இக்காலத்தில் தோன்றியவரே வருகை அலுவலர். இலண்டன் பள்ளி வாரியம் இவர்களைத் தெருத் தெருவாக நியமித்தது. வாராத பிள்ளையைத் தேடி வீட்டுக் கதவைத் தட்டுவதும், காரணம் கேட்பதும், எச்சரிக்கை விடுவதும், இறுதியில் வழக்குத் தொடுப்பதும் இவர் வேலை. ஏழைத் தெருக்களில் இவரைக் கண்டு அஞ்சினர்; வெறுத்தனர். ஆனால் இவர் கையிலிருந்த குறிப்பேடு எதிர்பாராத ஒரு பயனைத் தந்தது. சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர் 1886இல் இலண்டன் மக்களின் வாழ்க்கை நிலையை ஆராயப் புகுந்தபோது, ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர் யார் என்று தேடினார். அவர் கண்டவர் இந்த வருகை அலுவலரே. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், தந்தைக்கு என்ன தொழில், எத்தனை நாள் வேலை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர்களை அமர்த்தி மணிக்கணக்கில் வினவித் திரட்டிய செய்திகளைக்கொண்டு பூத் எழுதிய முதல் தொகுதி 1889இல் வெளிவந்தது. இலண்டன் மக்களில் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் வாழ்கின்றனர் என்பது அவ்வாராய்ச்சியின் முடிவு. குற்றவாளிப் பெற்றோரைப் பிடிப்பதற்காக எழுதிய ஏடு, அவர்களுடைய வறுமைக்குச் சாட்சி சொல்லிற்று.

அதன் பின் சிந்தனை சற்றே திரும்பியது எனலாம். வாரந்தோறும் பிள்ளை கொண்டுவர வேண்டியிருந்த பள்ளிக் காசு, 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் நீங்கியது. பிராட்போர்டு நகரில் மார்கரெட் மெக்மில்லன் முதலியோர் பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்று வாதாடினர். 1906இல் பள்ளியில் உணவளிக்க நகராட்சிகளுக்கு உரிமை தரும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே பிராட்போர்டில் 40 பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவளித்து எடை பார்த்தனர். உணவு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது, விடுமுறையில் இறங்கியது. மருத்துவ ஆய்வும் 1907இல் சட்டமாயிற்று.

பதக்கங்களின் கதையும் இங்கே கூறத்தக்கது. ஓராண்டு முழுவதும் ஒரு வேளையும் தவறாமல், ஒரு நாளும் தாமதியாமல் வந்த பிள்ளைக்கு இலண்டன் பள்ளி வாரியம் 1880களின் இறுதியிலிருந்து பதக்கம் வழங்கிவந்தது. 1904இல் பொறுப்பேற்ற இலண்டன் மாவட்ட மன்றமும் அதைத் தொடர்ந்தது. ஒரு புறம் அரசரின் தலை. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நாடாவில் கூடுதல் பட்டைகள். பழம்பொருள் கடைகளில் அவை இன்றும் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் பெருமை இருந்தது உண்மை. கடிகாரமே இல்லாத வீடுகளிலிருந்து, கதவைக் கழியால் தட்டித் தொழிலாளரை எழுப்பக் கூலியாள் வைத்த தெருக்களிலிருந்து, ஒன்பது மணிக்குள் வந்து சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் மருத்துவர்கள் மகிழவில்லை. காய்ச்சலோடும் கட்டிப்போட்ட தொண்டையோடும் வகுப்புக்கு வரும் பிள்ளை, பதக்கத்தோடு நோயையும் பிறருக்குப் பகிர்ந்தளித்தது. மேலும், ஒருநாள் தவறினால் அவ்வாண்டின் பரிசே போயிற்று என்னும்போது, முதல் மாதத்திலேயே தவறிவிட்ட பிள்ளைக்கு எஞ்சிய மாதங்களில் என்ன ஊக்கம் இருக்கும்? பரிசு தேவைப்படாதவனுக்கே பரிசு சென்றது.

இதுவரை சொன்னவை தொடக்கக் கல்வியைப் பற்றியன. இடைநிலைப் பள்ளியின் சிக்கல் வேறு. அங்கே பிள்ளைக்கு வயது கூடுகிறது. வயதோடு உழைப்பின் மதிப்பும் கூடுகிறது. பத்து வயதுப் பிள்ளை பள்ளியில் இருப்பதால் வீடு இழப்பது சில பென்னி. பதினைந்து வயது மகன் இருப்பதால் இழப்பது ஒரு கூலி. 1907ஆம் ஆண்டு விதிகள், அரசு மானியம் பெறும் இடைநிலைப் பள்ளிகள் நூற்றுக்கு 25 இடங்களைக் கட்டணமின்றித் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றன. இடம் கிடைத்தும், சீருடைச் செலவையும் இழக்கும் கூலியையும் எண்ணி மறுத்த குடும்பங்கள் பல. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அரசு இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை அறவே நீக்கியது. பள்ளி வயது 1947இல் 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் உயர்ந்தது. இடையில் 1954இல் வெளிவந்த அரசுக் குழு அறிக்கையொன்று, தேர்வெழுதி இலக்கணப் பள்ளியில் நுழைந்த அறிவுமிக்க பிள்ளைகளிலும், உடலுழைப்பாளரின் மக்களே பெரிதும் இடையில் நின்றுவிடுகின்றனர் என்று காட்டிற்று. கட்டணம் போன பின்பும் கூலி போகவில்லை.

இதற்கு நேரடியான விடை 2004இல்தான் வந்தது. 1999 முதல் சில வட்டாரங்களில் சோதித்துப் பார்த்த பின், இங்கிலாந்து முழுவதும் கல்வி உதவிப்படி ஒன்று வழங்கப்பட்டது. பதினாறு வயதுக்குப் பின்னும் படிப்பைத் தொடரும் வறிய குடும்பத்து மாணவருக்கு, குடும்ப வருமானத்திற்கேற்ப வாரம் 10, 20 அல்லது 30 பவுன். பணம் பெற்றோரிடமோ பள்ளியிடமோ செல்லாது. மாணவரின் வங்கிக் கணக்குக்கே செல்லும். அவ்வாரத்தில் தக்க காரணமின்றி ஒரு வகுப்புத் தவறினாலும் அவ்வாரப் பணம் இல்லை. 1862இல் பள்ளிக்குக் கொடுத்த வருகை விலை, நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தவன் கைக்கே வந்து சேர்ந்தது. சோதனை வட்டாரங்களை ஆராய்ந்த பொருளியலார், முதலாண்டில் கல்வியில் நீடித்தோர் விகிதம் ஏறத்தாழ 4.5 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்ததாகக் கணக்கிட்டனர்.

ஆயினும் 2010இல் பதவியேற்ற அரசு இதை நிறுத்த முடிவு செய்தது. பெறுவோரில் நூற்றுக்கு 88 பேர் பணம் இல்லாவிட்டாலும் படித்திருப்பர். ஆதலின் ஆண்டுக்கு ஏறத்தாழ 56 கோடி பவுன் வீண் என்பது அரசின் வாதம். எஞ்சிய 12 பேரைப் பற்றிய கேள்வியை அவ்வாதம் எளிதில் கடந்துவிட்டது. பேருந்துக் கட்டணத்துக்கும் நண்பகல் உணவுக்கும் அப்பணத்தையே நம்பியிருந்த மற்றவர் வகுப்பில் எந்நிலையில் அமர்ந்திருப்பர் என்பதையும் அது எண்ணவில்லை. 2011இல் இங்கிலாந்தில் உதவிப்படி நின்றது. ஏறத்தாழ 18 கோடி பவுன் அளவிலான சிறிய நிதியொன்று அதன் இடத்தில் வந்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் உதவிப்படியைக் கைவிடவில்லை.

தண்டம் மட்டும் நிற்கவில்லை. பிள்ளையை வேண்டுமென்றே பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைச் சிறையில் அடைக்கவும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 2002இல் ஒரு தாய் அவ்வாறு சிறை சென்றார். நீதிமன்றம் செல்லாமலே விதிக்கும் தண்டத்தொகை 2024இல் 60 பவுனிலிருந்து 80 பவுனாக உயர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் நிலைமை மேலும் கெட்டது. 2022-23ஆம் கல்வியாண்டில் இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளி மாணவருள் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர், பத்து வேளைக்கு ஒரு வேளையேனும் வாராதவராகக் கணக்கிடப்பட்டனர்.

அந்தக் கணக்கு இப்போது கணிப்பொறியில் ஏறுகிறது. காலையில் வந்தவனுக்கு வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, மாலையில் வந்தவனுக்கு இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு என்று ஆசிரியர் மையால் இழுத்துவந்த அதே இரு கோடுகளே, கணிப்பொறியிலும் வருகைக் குறிகளாக இருக்கின்றன. வாராமைக்கு மட்டும் குறிகள் பெருகியிருக்கின்றன. நோய், மருத்துவரைப் பார்த்தல், விடுமுறைப் பயணம், பள்ளி ஊர்தி வாராமை என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்ற மூத்த பெண்ணுக்கென்று அப்பட்டியலில் தனிக் குறி இல்லை.