வெள்ளம் வடிந்த வீடும் வெள்ளைப் பொடியும்

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. எங்கள் காட்டாங்குளத்தூருக்கு வடக்கே, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கும் அடையாறு, போகிற வழியில் வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது அந்த வருஷத்தின் இரண்டாவது வெள்ளம். நவம்பர் நடுவில் ஒரு முறை வீட்டைக் கழுவி முடித்து, நாற்காலி மேசைகளை இறக்கி வைத்தவர்கள், டிசம்பரில் மறுபடியும் மண்வெட்டியைத் தேடினார்கள்.

படகும் ஹெலிகாப்டரும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. முடிச்சூரில் என் தங்கை வீட்டைச் சுத்தம் செய்ய நானும் போயிருந்தேன். கணுக்கால் அளவுக்குச் சேறு. தெருவில் அந்தச் சேற்றின் மேலேயே கோலமாவு போல பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நிம்மதியாகச் சொன்னார்: "பவுடர் போட்டுட்டாங்க சார், இனிமே ஒண்ணும் ஆகாது."

அந்தப் பொடியின் மேல் நம் மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அது தகுதியான பொடிதான். ஆனால் அதற்கென்று ஒரு முறை உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தப் பொடியின் திரவ உறவினரை 'ஓ த ஜவேல்', அதாவது ஜவேல் தண்ணீர் என்றுதான் எனக்கு முதலில் தெரியும். ஜவேல் என்பது அந்தக் காலத்தில் பாரிஸை ஒட்டி, சேன் நதிக்கரையில் இருந்த ஒரு கிராமம். 1774-இல் ஸ்வீடனில் ஷீலே என்பவர் குளோரின் வாயுவைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் பெர்த்தொலே என்ற பிரெஞ்சு வேதியியலார் அது துணியை வெளுக்கும் என்று காட்டினார். ஜவேலில் இருந்த தொழிற்சாலை அதைத் திரவமாக்கி விற்றது. 1799-இல் ஸ்காட்லாந்தின் டென்னன்ட், குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கிக் காப்புரிமை வாங்கினார். ஆக, நம் பிளீச்சிங் பவுடர் பிறவியில் ஒரு வண்ணான் சரக்கு. நோய்க்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

அந்தச் சம்பந்தத்தை ஏற்படுத்தியவர்களில் முதல்வர் லபராக் என்ற பாரிஸ் மருந்துக்காரர். ஆட்டுக்குடலிலிருந்து நரம்பு திரிக்கும் பட்டறைகளின் நாற்றத்தைப் போக்க, 1820-களில் அவர் குளோரின் கலந்த நீரைப் பயன்படுத்தினார். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்கள் இந்தப் பொடி கரைத்த நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18 தாய்மார்கள் இறந்த இடத்தில், ஜூனில் அது 2 ஆனது. கவனிக்க வேண்டியது, அவர் பொடியைத் தரையில் தூவவில்லை. கரைத்துக் கழுவச் சொன்னார்.

1910 ஜனவரியில் பாரிஸுக்கே வெள்ளம் வந்தது. சேன் நதி 8.62 மீட்டர் உயர்ந்தது. 2015-இல் நம் வீட்டுக் கழிப்பறை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது போலவே, அங்கேயும் சாக்கடை வழியாகவும் மெட்ரோ சுரங்கம் வழியாகவும் ஏறியது. வடிந்த பிறகு சேற்றை அள்ளினார்கள், கழுவினார்கள், பிறகுதான் சுண்ணாம்பும் ஜவேல் நீரும். பயந்தபடி பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை.

வரிசை ஏன் முக்கியம் என்றால், குளோரின் முதலில் சேற்றோடும் அழுக்கோடும் சேர்ந்து தன் சக்தியைத் தீர்த்துக்கொள்ளும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. சேற்றின் மேல் தூவிய பொடி கண்ணுக்கு ஆறுதல், அவ்வளவுதான். ஆகவே மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. நனைந்த பிளக் பாயிண்டுகளை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் கரண்ட் போடக் கூடாது. அலமாரிக்கு அடியில் கை விடுமுன் ஒரு கழியால் தட்ட வேண்டும், பாம்பும் வெள்ளத்துக்குத் தப்பி வந்திருக்கும். ரப்பர் பூட்ஸ், கையுறையோடு சேற்றை அள்ளி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே பொடி கரைத்த நீர். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களைப் பிடிக்கும் நோய் அது. 2015-இல் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து நம் தெருக்களைச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்களில் பலர் கையுறை கூட இல்லாமல் வேலை பார்த்ததை நாம் மறக்கக் கூடாது.

சம்ப்பையும் இறைத்து, தேய்த்து, புதுத் தண்ணீர் விட்ட பிறகு, தெளிந்த நீருக்கு 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பொடி, ஒரு மணி நேரம். கலங்கிய நீருக்கு அந்தக் கணக்கு போதாது. குடிப்பதற்குக் கொதிக்க வைப்பதே மேல். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, போகிக்கு அடிக்கும் பழைய சுண்ணாம்பே பூஞ்சைக்கு நல்ல எதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகில் ஜெர்மானியர் பிரெஞ்சுப் படையின் மேல் விட்ட பச்சை மஞ்சள் புகை இதே குளோரின்தான். நம் குளியலறையிலும் அது உருவாகும். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில், கறை போகவில்லையே என்று டாய்லெட் ஆசிட்டை ஊற்றினால் போதும். கதவு சாத்திய சிறிய அறையில் அது நுரையீரலை அரித்துவிடும். வெள்ளம் வடிந்த வீட்டில் அவசரமும் களைப்பும் இருக்கும், கையில் கிடைத்ததை எல்லாம் கலக்கத் தோன்றும். கலக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் மூழ்கியது. ஐப்பசி ஒவ்வொரு வருஷமும் வரும். திறந்து வைத்த பழைய பொடியில் வீரியம் போயிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் புதிதாக வாங்கி, இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், உயரமான பரணில் வையுங்கள். ஆசிட் பாட்டிலை மட்டும் அந்தப் பக்கமே வைக்க வேண்டாம்.