பால் வாளியும் கணிதச் சூத்திரமும்

காரிநாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ் நூலிலே, பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் சுளைகளைக் கணக்கிட ஒரு வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பதே அவ்வழி. முட்கள் நூறாயின் சுளைகள் நூற்றிருபது. எல்லாப் பழத்திற்கும் இது பொருந்துமா என ஐயுறுவோர் உளர். ஐயுறுவது நன்றே. பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்கும் மாணவன் சூத்திரம் இன்னது என்பதையும், அதனைச் சோதிப்பது எங்ஙனம் என்பதையும் ஒருசேரக் கற்றுவிடுகிறான்.

நம் முன்னோர் கண்ட கணக்குகள் பெரும்பாலும் இத்தகையனவே. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனம் செய்த எண்சுவடியில், நெல்லை அளக்க நெல்லிலக்கமும் நிலத்தின் பரப்பைக் காணக் குழிமாற்றும் இருந்தன. மா என்பது இருபதில் ஒன்று; காணி என்பது எண்பதில் ஒன்று; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. களத்திலும் கடையிலும் அன்றாடம் புழங்கிய பின்னங்கள் இவை. பத்து வயதுச் சிறுவன் தன் தந்தையின் நிலக்கணக்கைத் தானே சரிபார்க்கும் வகையில் அக்கல்வி அமைந்திருந்தது.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் மக்களுக்கு வேறொரு வகைப் பள்ளி வாய்த்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தப்பெற வேண்டும் என விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் சிகாமட், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களிலும் லயங்களை ஒட்டிச் சிறு பள்ளிகள் எழுந்தன. அங்கே வாய்பாடு ஒப்பிக்கப்பட்டது. கூட்டலும் கழித்தலும் கற்பிக்கப்பட்டன. ஆயின், பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்திலே, பால் ஸ்டோரில் நாள்தோறும் நடந்த கணக்கு மட்டும் வகுப்பறைக்குள் நுழையவில்லை.

அக்கணக்கு யாது? வாளிகளில் வரும் பாலின் அளவைக் கொண்டு மட்டும் வெட்டுக்காரரின் உழைப்பை மதிப்பிடுவதில்லை. பாலில் பெரும்பகுதி நீர். நூறு பங்கில் ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது பங்கே உலர்ந்த ரப்பராகத் தேறும். அதனை அறிய, நீர் கலந்த மாதிரிப் பாலில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டு, அது காட்டும் அளவைப் பார்ப்பர். பாலின் அளவை உலர் ரப்பர் விழுக்காட்டால் பெருக்கினால் கிடைப்பது உலர்ந்த ரப்பரின் எடை. 20 லிட்டர் பால், விழுக்காடு 30 எனில், ஏறத்தாழ 6 கிலோ. நாட்கூலியோடு கிடைக்கும் கூடுதல் தொகை இவ்வெடையைப் பொறுத்தே அமைந்த காலங்கள் உண்டு.

அப்பாலில் 4 லிட்டர் நீர் சேர்ந்துவிட்டால் என்னாகும்? வாளியில் 24 லிட்டர் இருக்கும். விழுக்காடோ 25 ஆகிவிடும். பெருக்கிப் பார்த்தால் அதே 6 கிலோதான்! ஓர் எண் ஏற, மற்றோர் எண் இறங்கிப் பெருக்குத்தொகை மாறாதிருக்கும் இவ்வியல்பை எந்தக் கரும்பலகையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட இயலாது. இதனை அறிந்த வெட்டுக்காரர், மழைநாளில் வாளி நிறைந்தும் எடை ஏன் ஏறவில்லை என்பதைத் தாமே உணர்வார்; கருவியைத் தவறாகப் படித்திருந்தால் கேள்வியும் கேட்பார். அறியாதவர் கிராணியார் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புவார். அவ்வெண்ணைச் சரிபார்க்கும் ஆற்றல் வீட்டில் ஒருவருக்கேனும் இருத்தல் வேண்டுமன்றோ? அப்பிள்ளை படித்ததும் அதே தோட்டத்துப் பள்ளியில்தான்!

1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் பவுண்டும் காலனும் படிப்படியாக விடைபெற்று, கிலோவும் லிட்டரும் வந்தன. அளவைகள் மாறின, சூத்திரம் மாறவில்லை. இன்று ஜொகூரில் ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஆலைக்குச் செல்லும் குலைகளின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எண்ணெயாகப் பிழியப்படுகிறது என்பதும் மாணவர் செய்து பார்க்கத் தக்கதொரு கணக்கே.

வட்டத்தைப் பற்றிய பாடத்திற்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒட்டுக்கட்டிய ரப்பர் மரம், ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டிய பின்னரே பால் வெட்டுக்கு ஏற்றதாகக் கருதப்படும். மரத்தை அறுத்தாலன்றி அதன் விட்டத்தை அடிக்கோலால் அளக்க முடியாது. நாடாவைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் 16 சென்டிமீட்டர் என விடை வந்துவிடும். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்று நம் பழைய கணக்கு நூல்கள் கூறும். 25ஐ 8ஆல் பெருக்க, 200 சதுர சென்டிமீட்டர். பள்ளி வேலிக்கு அப்பால் ஒரு ரப்பர் மரமேனும் எஞ்சியிருக்குமாயின், ஐந்தாம் ஆண்டு மாணவரை நாடாவுடன் அங்கே அழைத்துச் செல்லலாம். மரம் இல்லையெனில் பள்ளித் திடலின் கொடிக்கம்பமும் உருளைதான்.