கியூபாவின் காற்றை அடைத்த பெட்டி

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மண்குடுவை இருக்கிறது. கி.பி. 700 வாக்கில், இன்றைய மெக்சிகோவின் காம்பெச்சே பகுதியில் வனையப்பட்டது. அதன் பக்கவாட்டில் மாயன் எழுத்தில் ஒரு வாசகம் உண்டு. இது இன்னாருடைய புகையிலையின் வீடு என்று அதற்குப் பொருள். 2012-ல் ஆய்வாளர்கள் குடுவையின் உட்புறத்திலிருந்து எடுத்த துகள்களைச் சோதித்தபோது நிகோட்டின் தடயம் கிடைத்தது. மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருந்ததும் ஒன்றே என்று வேதியியல் சாட்சி சொல்லும் மாயன் பாண்டங்கள் மிக அரிது. புகையிலைக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணத்துக்குக் குறைந்தது 1,300 வயது ஆகிறது.

அந்த வீட்டின் இன்றைய வடிவத்தை நாம் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பங்களா மேசையில் பளபளக்கும் மரப்பெட்டி. முதலாளி மூடியைத் திறந்து விருந்தாளியிடம் ஒரு சுருட்டை நீட்டுவார். ஹியூமிடார் என்று அதற்குப் பெயர். உள்ளே பார்த்தால் மூன்றே சமாச்சாரங்கள்: வாசனையுள்ள மரப்பலகை, ஈரத்தை அளக்கும் ஒரு மானி, ஈரம் தரும் ஒரு பொருள். மூன்றில் ஒன்றுகூட சுருட்டுக்காகப் பிறந்ததல்ல. வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு ஊர்களில், வேறு வேறு வேலைகளுக்காக உண்டானவை ஒரு பெட்டிக்குள் வந்து சேர்ந்த கதை இது.

1492 நவம்பரில் கொலம்பஸ் தன் ஆட்கள் இருவரைக் கியூபாவின் உட்பகுதிக்கு அனுப்பினார். ரோட்ரிகோ தெ ஹெரெஸும் லூயிஸ் தெ டோரஸும் கீழ்த்திசைப் பேரரசரைத் தேடிப் போனார்கள். அரண்மனை எதுவும் தென்படவில்லை. புகையும் இலைச்சுருளைக் கையில் பிடித்தபடி நடமாடிய தைனோ மக்களைத்தான் பார்த்தார்கள். அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஸ்பெயின் அரசு அந்த இலையைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. செவில் நகரில் அரண்மனை அளவுக்கு ஒரு புகையிலை ஆலை எழுந்தது. கார்மென் ஓபராவின் நாயகி வேலை பார்ப்பது அந்த ஆலையில்தான். இன்று அந்தக் கட்டடத்தில் செவில் பல்கலைக்கழகம் நடக்கிறது. 1817-ல் அரசர் ஏழாம் ஃபெர்டினாண்ட் கியூபாவின் புகையிலை வணிகத்தைத் திறந்துவிட்டார். அதன்பின் ஹவானாவிலேயே பட்டறைகள் பெருகின.

ஹவானாவில் சுருட்டைக் காப்பது ஒரு பிரச்சினையே இல்லை. கடல் சூழ்ந்த தீவு, ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம். பாடம் போட்ட இலை அந்தக் காற்றில் துவண்டு, எண்ணெய்ப் பசையோடு, வளைத்தால் ஒடியாமல் இருக்கும். அதே சுருட்டு குளிர்கால லண்டனில், கணப்பு எரியும் ஓர் அறைக்குப் போய்ச் சேர்ந்தால் கதை வேறு. சூடாக்கிய குளிர்காற்று எங்கே ஈரம் கிடைக்கும் என்று அலையும். இலையிலிருந்து அதை உறிஞ்சும். மேலிலை விரிசல் விடும். மணம் தரும் எண்ணெய்களும் பறந்துபோகும். நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினில் போரிட்டுத் திரும்பிய ஆங்கிலேயப் படையினர் சுருட்டுப் பழக்கத்தையும் ஊருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாங்குவதற்கு ஆள் உண்டு, சரக்கும் உண்டு. நடுவில் ஓர் அட்லாண்டிக் கடல்.

ஆரம்பத்தில் வணிகர்கள் கையாண்ட வழியைக் கேட்டால் இன்று முகம் சுளிப்போம். சுருட்டுகளைக் கட்டுகளாகக் கட்டி, பன்றியின் சிறுநீர்ப்பையில் போட்டு மூடி, நாற்றம் தெரியாமலிருக்க ஒரு வெனிலா நெற்றையும் உள்ளே வைத்து அனுப்பினார்களாம். ஈரம் தப்பிக்காது என்பது உண்மைதான்.

1840-களில் ஹெர்மன் உப்மன் என்ற ஜெர்மானியர் ஹவானாவில் குடியேறினார். வங்கித் தொழில் செய்தவர். லண்டனில் இருந்த வங்கி இயக்குநர்களுக்கு அன்பளிப்பாகச் சுருட்டு அனுப்பும்போது அவற்றை சீடர் மரப்பெட்டியில் அடுக்கி, பெட்டியின்மேல் தன் பெயரையும் பொறித்தார் என்று சுருட்டு உலகம் சொல்கிறது. அந்த வழக்கத்தை முதலில் தொடங்கியவர் அவர்தானா என்று வாதாடலாம். பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்பளிப்பு வாங்கிய இயக்குநர்கள் பணம் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். உப்மன் வங்கி பிற்காலத்தில் கவிழ்ந்துபோனது. சுருட்டின் பெயர் இன்றுவரை இருக்கிறது.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். வணிகர்கள் அதை ஸ்பானிய சீடர் என்பார்கள். ஆனால் இமயமலைத் தேவதாருவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மத்திய அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வளரும் அது, நம் வேப்பமரத்தின் குடும்பம்; மஹாகனிக்கும் பங்காளி. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் நிற்கும் சந்தன வேம்பும் அதற்கு நெருங்கிய சொந்தம். குடும்பக் குணம் மரத்தில் தெரிகிறது: பூச்சிகளுக்குப் பிடிக்காத வாசனை. எடை குறைவு, இழைக்க எளிது, ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் திருப்பித் தரும். நீண்ட பயணத்துக்காகத் தேர்ந்தெடுத்த மரம், சேமிப்புக்கும் சரியான மரமாக வாய்த்தது.

பெட்டி பிரபலமானதும் போலிகள் முளைத்தன. ஹவானாவைக் கண்ணாலும் காணாத இலையை உருட்டி, ஹவானாச் சீட்டு ஒட்டி விற்றார்கள். உண்மையான பட்டறைக்காரர்கள் வண்ண அச்சுப் படங்களால் பெட்டியை அலங்கரித்தார்கள். போலிக்காரர்கள் அந்தப் படங்களையும் அச்சடித்தார்கள். குஸ்தாவ் போக் என்ற ஐரோப்பியர் சுருட்டுக்கே ஒரு காகித மோதிரம் மாட்டினார் என்பார்கள். அதையும் நகலெடுத்தார்கள். கடைசியில் 1912-ல் கியூபா அரசு உத்தரவாத முத்திரைத் தாள் ஒன்றைச் சட்டமாக்கியது. அந்தப் பச்சைத் தாளின் வாரிசை இன்றும் ஹவானாப் பெட்டியின்மேல் காணலாம்.

அமெரிக்காவில் பெட்டியைப் பரப்பியது வரி. உள்நாட்டுப் போர்ச் செலவுக்குப் பணம் தேடிய அரசு, சுருட்டுகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெட்டியில் அடுக்கித்தான் விற்க வேண்டும் என்றது. அப்போதுதான் தீர்வை முத்திரை ஒட்ட முடியும். நாடெங்கும் காலிப் பெட்டிகள் குவிந்தன. கையில் காசில்லாதவர்கள் அதில் ஒரு குச்சியைச் செருகி, கம்பி இழுத்துக் கட்டி, கிட்டாராக வாசித்தார்கள். அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்கள் பலருக்கு முதல் வாத்தியம் ஒரு சுருட்டுப் பெட்டிதான்.

இதே காலத்தில் திருச்சி உறையூரில் சுருட்டுத் தொழில் உச்சத்தில் இருந்தது. திருச்சிச் சுருட்டு கப்பலேறி இங்கிலாந்துவரை போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றும் 1887-ஆம் ஆண்டு நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுபிடிக்கிறார். இங்கே அந்தச் சுருட்டைப் பெட்டியில் பூட்டிப் பல ஆண்டுகள் முதிரவைக்கும் வழக்கம் பெரிதாக வளரவில்லை. வாங்குவது, பிடிப்பது, தீர்ந்தால் மறுபடி வாங்குவது. உற்பத்தியாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குச் சேமிப்புக் கலை தேவைப்படாது. ஹவானாவிலும் அதுதானே நடந்தது.

பெட்டியின் இரண்டாவது உறுப்பான மானி, ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் தெ சோஸ்யூர் மோன் பிளாங்க் சிகரத்தின்மேல் தீராத ஆசை கொண்ட விஞ்ஞானி. 1787-ல் ஏறியும் காட்டினார். மலைக்காற்றின் ஈரத்தை அளக்க அவருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. மனிதத் தலைமுடியை எடுத்து, எண்ணெய்ப் பசை போக அலசி, இழுத்துக் கட்டினார். ஈரக்காற்றில் முடி நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு வித்தியாசம். அந்தச் சிறு அசைவை ஒரு முள்ளுக்குக் கடத்தினார். 1783-ல் அதைப் பற்றி நூலே எழுதி வெளியிட்டார். நல்ல முள்மானிகளில் இன்றும் முடியோ முடி போன்ற செயற்கை இழையோ இருக்கிறது.

அதே ஜெனீவாவுக்கு 1911-ல் கீவ் நகரிலிருந்து ஒரு யூதப் புகையிலை வணிகரின் குடும்பம் வந்து கடை போட்டது. மகன் ஜீனோ டேவிடாஃப் 1920-களில் தென் அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் போய்த் தோட்டத்திலேயே தொழில் பழகினார். திரும்பி வந்ததும் அவர் கவனித்தது காற்றைத்தான். கடையின் நிலவறையில் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி, கியூபாவில் இருக்கும் காற்றை ஜெனீவாவில் உண்டாக்கினார். ஐரோப்பாவில் அப்படி முதலில் செய்தவர் அவரே என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். லண்டனில் டன்ஹில் கடை, வாடிக்கையாளர்களின் சுருட்டைத் தன் அறையில் வைத்துக் காத்துக்கொடுத்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியக் குண்டு அந்தக் கடையைச் சிதைத்த இரவில், சர்ச்சிலின் சுருட்டுகள் பத்திரம் என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னார்களாம். 1895-ல் இளம் படை அதிகாரியாகக் கியூபா போனபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அவருக்கு.

கடையின் நிலவறை வீட்டு மேசைக்கு வர, அரசியலும் ஒரு காரணம். 1960-ல் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. 1962 பிப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி தன் செய்திச் செயலர் பியர் சாலிஞ்சரை அழைத்து, நாளைக் காலைக்குள் ஆயிரம் சுருட்டு வேண்டும் என்றார். உப்மனின் சிறு சுருட்டுகள் 1,200 கிடைத்தன. அதைக் கேட்ட பிறகே கியூபா மீதான தடை உத்தரவில் கென்னடி கையெழுத்திட்டார் என்று சாலிஞ்சரே பின்னாளில் எழுதினார். கிடைக்காத பொருளைத்தான் கவனமாகச் சேமிப்பார்கள். அமெரிக்க வீடுகளில் ஹியூமிடாருக்குத் தனி மதிப்பு வந்தது. நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் கென்னடிக்கு 1961-ல் பரிசளித்த வால்நட் மரப்பெட்டி, 1996 ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. அதே 1990-களில் சுருட்டு மோகம் அமெரிக்காவை ஆட்டிப்படைக்க, மலிவுப் பெட்டிகள் சந்தையில் கொட்டின. அவற்றில் ஈரம் தர வைத்த பச்சைப் பஞ்சு, பூ அலங்காரத்துக்காக 1950-களில் ஒஹையோவில் உண்டான நுரைக்கட்டிதான். சிக்கனக்காரர்கள் சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியையே ஹியூமிடாராக்கினார்கள். என் கணிப்பில், மெருகேற்றிய மலிவுப் பெட்டிகளைவிட அது நன்றாகவே வேலை செய்யும், காற்று கசியாது.

மூன்றாவது உறுப்பான ஈரம் தரும் பொருளும் மாறிவிட்டது. உப்பு முழுதாகக் கரைந்து, மேலும் கரைய இடமில்லாத கரைசல், தன்னைச் சுற்றியுள்ள மூடிய காற்றின் ஈரத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் என்பது வேதியியலின் பழைய பாடம். சமையலுப்பு என்றால் அந்த அளவு 75 சதவீதம். வேறு உப்புகளுக்கு வேறு அளவு. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அதைச் சிறு பொட்டலமாக்கினார்கள்: ஆவி மட்டும் போய்வரும் உறைக்குள் உப்புக்கரைசல். கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். அதே பொட்டலத்தை இன்று கிட்டார் பெட்டிகளிலும் வைக்கிறார்கள்.

எல்லாம் எந்த அளவுக்காக? 70 பாரன்ஹீட், 70 சதவீதம் என்பது பழைய சூத்திரம். நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். பலர் இன்று 65 சதவீதமே போதும் என்கிறார்கள். வெப்பத்துக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், காரணம் ஒரு வண்டு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம். இலைக்குள் முட்டை உறங்கும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பொரிந்து, புழு சுருட்டைத் துளைத்துத் தின்னும். புகையிலை வண்டு என்று பெயர் பெற்ற இந்த இனம் எகிப்தில் துட்டன்காமனின் கல்லறையிலும் கிடைத்திருக்கிறது. புகையிலை அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பே அது காத்திருந்தது.

லண்டன்காரர் ஈரத்தைச் சேர்க்கப் பாடுபட்டார். சென்னையிலும் கொழும்பிலும் இருப்பவர் சூட்டைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும். பெட்டியை வீட்டின் குளிர்ந்த மூலையில், வெயில் படாமல் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் திறந்து வைத்தால் இலை காய்ந்துபோகும். வண்டு சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத உறையில் கட்டி, உறைநிலையில் சில நாள் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிரில் வைத்துவிட்டு வெளியே எடுக்கலாம். 75 சதவீதத்தைத் தாண்டவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மானியை நம்புவதற்குமுன் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பைக் குழைத்து, மானியோடு சேர்த்து உறையில் அடைத்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள், 75 காட்ட வேண்டும். சுருட்டுப் புகை வாய்ப்புற்றுநோய் தரும் என்பதைப் பெட்டி மாற்றாது. அதையும் தெரிந்துகொண்டே திறக்க வேண்டும்.

இனி அந்த மரத்துக்காக ஒரு வேண்டுகோள். வெட்டி வெட்டியே ஸ்பானிய சீடர் பிறந்த காடுகளில் அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்த நாடுகளின் 2019 மாநாட்டில், வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அதே மரம் கலாபகோஸ் தீவுகளில் நட்டவர்கள் கைமீறி, களைபோலப் பரவி நிற்கிறது. ஆப்பிரிக்காவில் தோட்டப்பயிராகவும் வளர்கிறது. புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள், உட்பலகை எங்கே வளர்ந்த மரம் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஓர் ஐஸ் பெட்டியும் ஓர் உப்புப் பொட்டலமும் அந்த வேலையைச் செய்துவிடும்.