பள்ளியை அளந்த கோல்

ஓர் ஊரிலுள்ள தொடக்கப் பள்ளி நல்ல பள்ளியா, அல்லவா? பிள்ளையைச் சேர்க்கப் போகும் தாய் தந்தையர் அண்டை அயலாரைக் கேட்டு இதற்கு விடை கண்டுகொள்கின்றனர். பணம் கொடுக்கும் அரசாங்கத்துக்கு அவ்விடை போதாது; அதற்குக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதித்து, அந்தக் கணக்கின்படியே பள்ளிக்குப் பணம் கொடுக்கும் முறை இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. அம்முறை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரின் உதவிபெறும் பள்ளிகளும் அதைச் சுவைத்துப் பார்த்தன. அதன் வரலாறு தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியதொன்று.

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் கல்வியைப் பெரும்பாலும் திருச்சபைச் சங்கங்களே கவனித்து வந்தன. 1833-இல் பாராளுமன்றம் பள்ளிக் கட்டடங்களுக்கென முதன்முறையாக 20,000 பவுன் ஒதுக்கிற்று. 1839-இல் கல்விக்கென ஒரு குழு ஏற்பட்டது. உதவி பெறும் பள்ளிகளைப் பார்வையிடப் பரிசோதகர்கள் நியமனமாயினர். அந்த முதற் பரிசோதகர்கள் மார்க்குப் போட வந்தவர்களல்லர். ஓரூரில் கண்ட நல்ல முறையை மற்றோரூர் ஆசிரியருக்கு எடுத்துரைப்பதும், கேட்டால் யோசனை சொல்வதுமே தங்கள் பணி என்று அவர்களுக்கு உத்தரவிடப்பட்டிருந்தது. அதிகாரியாக வராமல் துணைவராக வர வேண்டும் என்பது கருத்து.

பள்ளிகள் பெருகின, செலவும் பெருகிற்று. கிரிமியப் போரின் செலவு வேறு கஜானாவைக் கரைத்திருந்தது. நியூகாசில் பிரபுவின் தலைமையில் 1858-இல் அமர்ந்த விசாரணைக் குழு 1861-இல் அறிக்கை தந்தது. அதில் ஆசிரியர்களுக்கு உறைக்கக்கூடிய ஒரு குற்றச்சாட்டு இருந்தது. ஆசிரியர்கள் மேல் வகுப்பிலுள்ள சில கெட்டிக்காரப் பிள்ளைகளிடமே உழைப்பைச் செலுத்துகின்றனர். சிறு பிள்ளைகளும் மந்தமான பிள்ளைகளும் நேரே வாசிக்கக்கூடக் கற்காமல் பள்ளியை விட்டுப் போய்விடுகின்றனர் என்பதே அது. இக்குற்றச்சாட்டு பொய்யென்று எவரும் துணிந்து சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளத்தக்கது.

அப்போது கல்விப் பொறுப்பை வகித்தவர் ராபர்ட் லோ. கூர்மையான மூளையும் அதைவிடக் கூர்மையான நாவும் படைத்தவர். தம் திட்டம் மலிவாக இல்லாவிட்டால் பயனுள்ளதாக இருக்கும், பயனில்லாவிட்டால் மலிவாகவேனும் இருக்கும் என்று பாராளுமன்றத்தில் அவர் சாமர்த்தியமாகப் பேசியது பெயர்பெற்றது. 1862-இல் அவர் கொணர்ந்த 'திருத்திய விதிகள்' சொன்னது இதுதான். சராசரி வருகையைக் கணக்கிட்டுத் தலைக்கு 4 ஷில்லிங். காலை ஒன்று, மாலை ஒன்று என்று எண்ணி 200 தடவைக்கு மேல் பள்ளிக்கு வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மேலும் 8 ஷில்லிங். ஆனால் அந்த எட்டும் சும்மா கிடைக்காது. பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளையைச் சோதிப்பார். தவறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்துவிடும்.

பாடங்கள் ஆறு படிகளாக வகுக்கப்பட்டன. ஓரசைச் சொற்களாலான சிறு கதையை வாசிப்பதும், இருபது வரை எண்களை எழுதிக் காட்டுவதும் முதற்படி. செய்தித்தாளில் வரும் ஒரு சாதாரணப் பத்தியை வாசிப்பது ஆறாம் படி. இவற்றுக்கு அப்பால் பூகோளமோ, சரித்திரமோ, பாட்டோ பரிசோதகர் கேட்கும் கேள்வியில் இல்லை. ஆகவே காசும் இல்லை.

அறுபது பிள்ளைகள் சோதனைக்கு நிற்கும் ஒரு கிராமப் பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். எல்லாரும் மூன்றிலும் தேறினால் 480 ஷில்லிங், அதாவது 24 பவுன். அவர்களுள் பதினைந்து பேர் கணக்கில் மட்டும் தவறினாலும் 2 பவுன் போயிற்று. அதுகாறும் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு நேராகக் கிடைத்துவந்த உதவித்தொகையையும் லோ நிறுத்திவிட்டார். பணமெல்லாம் பள்ளி நிர்வாகியின் கைக்கே போயிற்று. நிர்வாகிகளில் பலர், மானியத்தில் இன்ன பங்குதான் உமது சம்பளம் என்று ஆசிரியரோடு பேசி முடித்துக்கொண்டனர். எனவே ஒரு பிள்ளை கழித்தலில் கடன் வாங்க மறந்தால், ஆசிரியர் வீட்டில் ரொட்டி குறைந்தது.

மந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இந்த விதி பிறந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஒவ்வொரு தலையையும் எண்ணினால் எந்தப் பிள்ளையையும் ஆசிரியர் ஒதுக்க முடியாது என்பது லோவின் நினைப்பு. நடந்தது வேறு. மந்தப் பிள்ளை பிரம்படி பட்டுப் படியேறியது. கெட்டிக்காரப் பிள்ளை தன் படியை எளிதில் கடந்துவிடுமாதலால், அதற்கு மேல் கற்பிக்க ஆசிரியருக்கு நேரமுமில்லை, இலாபமுமில்லை. அது கைகட்டி உட்கார்ந்திருந்தது. வாசகப் புத்தகம் ஒன்றையே ஆண்டு முழுதும் திருப்பித் திருப்பிப் படித்ததால் பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது; புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தங்கு தடையின்றி 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அக்காலத்தவை. நோயுற்ற பிள்ளையைக் கம்பளியில் சுற்றிச் சோதனைக்குத் தூக்கி வந்ததும் உண்டு. வராவிட்டால் அதன் எட்டு ஷில்லிங் போய்விடுமல்லவா?

அதே விதிகள் தலைமையாசிரியர் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. அதில் நடந்ததை மட்டும் எழுதலாம். பொதுவான கருத்தோ எண்ணமோ எழுதலாகாது. இன்றும் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் அக்குறிப்பேடுகள் இருக்கின்றன. மழை, அறுவடை, அம்மை நோய், குறைந்த வருகை, பரிசோதகர் வரவு என்று வறண்ட வரிகள். கருத்து எழுதக்கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் தம் கவலையை வானிலையாக எழுதி வைத்தார்கள் போலும்!

அரசாங்கத்துக்கு ஒன்று மட்டும் கைகூடிற்று. 1861-இல் எட்டு இலட்சம் பவுனுக்கு மேலிருந்த மானியம் 1865-இல் ஆறரை இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. லோ சொன்ன இரண்டில் மலிவு வந்து சேர்ந்தது.

இந்த முறையை முதலில் எதிர்த்தவர்களுள் ஒரு பரிசோதகரே முன்னின்றார் என்பது வியப்புக்குரியது. மாத்யூ ஆர்னால்டு கவிஞராகவும் விமரிசகராகவும் புகழ்பெற்றவர். ஆயினும் 1851 முதல் 1886 வரை பிழைப்புக்காக ஊர் ஊராகச் சென்று தொடக்கப் பள்ளிகளைப் பார்வையிட்டவர். 1862-இலேயே தம் மேலதிகாரியின் திட்டத்தைக் கண்டித்துப் பெயர் போடாமல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்துச் சோதிக்கும் வேலை வந்துவிட்டால் பரிசோதகருக்குப் பள்ளியைப் பார்க்க நேரமிராது என்பது அவர் வாதம். பின்னாளில் தம் அறிக்கைகளில் அவர் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார். இந்தச் சோதனை பரிசோதகருக்கும் ஆசிரியருக்கும் இடையே நடக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. வெல்லும் வித்தையை ஆசிரியர்கள் கற்றுக்கொண்டே வருவர், கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும் என்றார். ஆசிரியர்களை அவர் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பரிசோதகர் எட்மண்ட் ஹோம்ஸ். 1875-இல் வேலையில் சேர்ந்து, அந்த முறையின்கீழ் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்து, இறுதியில் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலைமைப் பரிசோதகராகி 1910-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல் அந்த முறையின்மீது தொடுத்த கடுந்தாக்குதல். தாமும் அதன் கருவியாய் இருந்ததை அவர் மறைக்கவில்லை. அந்நூலில் அவர் ஒரு கிராமப் பள்ளியை விரிவாக வருணித்தார். தலைமையாசிரியைக்குப் புனைபெயர் கொடுத்திருந்தார். அது சசெக்ஸ் மாவட்டத்துச் சாம்டிங் கிராமப் பள்ளி; ஆசிரியை ஹாரியட் பின்லே ஜான்சன். அங்கே பிள்ளைகள் சரித்திரத்தைத் தாமே நாடகமாக்கி நடித்தனர். செடிகொடிகளைத் தேடிக் காட்டுவழி நடந்தனர். அதன் தரத்தை ஹோம்ஸ் எண்ணால் சொல்லவில்லை. பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொன்னார். அதற்குள் பழைய முறை 1890-இல் தளர்ந்து 1897-இல் மறைந்திருந்தது.

இனிச் சென்னையின் கதை. இங்கே ஒரு விநோதமான கொடுக்கல் வாங்கல் உண்டு. 1789 முதல் எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் கையாண்டார். 1797-இல் இதை இங்கிலாந்தில் நூலாக அச்சிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது அந்நாட்டு ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. எழுபது ஆண்டுகளுக்குள், அதே இங்கிலாந்திலிருந்து 'முடிவுக்கேற்ற மானியம்' சென்னைத் திண்ணைக்கு வந்து இறங்கிற்று!

திண்ணைப் பள்ளியை அதுவரை அளந்தவர் யார்? ஊரார்தாம். நவராத்திரிக் காலத்தில் ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடச் செய்து சன்மானம் பெறும் மானம்பு வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். பிள்ளை பாடும், ஊர் கேட்கும், ஆசிரியருக்கு அரிசியும் காசும் சேரும். அந்தப் பள்ளியிலும் மனப்பாடமே பிரதானம், பிரம்புக்கும் குறைவில்லை. அதைப் பொற்காலமென்று கொண்டாட வேண்டியதில்லை. எனினும் எண்சுவடியும் நீதி நூலும் மனத்தில் ஏறினால் ஆயுள் முழுதும் உதவின. பரிசோதகருக்காக நெட்டுருச் செய்த வாசகமோ, அவர் வண்டி தெரு முனை திரும்பும் வரைதான் நின்றது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு தொடக்கப் பள்ளிகளுக்கு இம்முறையையே ஆதரித்தது. தாய்நாடே கைவிட்ட பின்னர், 1904-இல் கர்சன் பிரபுவின் அரசாங்கம்தான் இதைத் தள்ளிவிட முடிவு செய்தது.

மலாயாத் தோட்டங்களில் குறை நேர்மாறானது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் ஏற்பட்ட தமிழ் வகுப்பைச் சொல்வது வழக்கம். தோட்டப் பள்ளிகளைப் பெருகச் செய்தது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது அது. வைத்தார்கள். பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே பள்ளியாயிற்று. கிராணியோ கங்காணியோ ஒழிந்த நேரத்தில் பாடம் சொன்னார். பள்ளி இருக்கிறதா என்று கேட்டார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்பார் அரிது. இங்கிலாந்தில் கோல் பிள்ளையின் முதுகை வளைத்தது. இங்கே கோலே இல்லாததால் துரைமார் காட்டிய குடிசையெல்லாம் பள்ளியென்று கணக்கில் ஏறிற்று. இவ்விரண்டில் எது பெரிய தீங்கு என்று கேட்டால், கேட்பாரற்றுக் கிடந்ததே பெரிது எனலாம்.

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளின் அடிவேரையே அசைத்தபோது, அவற்றின் தரக்குறைவும் ஒரு வாதமாயிற்று. தரத்தை உயர்த்தப் பணம் தராமல் வைத்திருந்துவிட்டு, தரமில்லையென்று குறைகூறுவது எளிதல்லவா? 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின்னர்தான் பொதுப் பாடத்திட்டமும் ஒழுங்கான உதவியும் வரலாயின. விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம்.

1988-இல் ஆறாம் ஆண்டுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. அது தேறிய பிள்ளைக்கு இத்தனை வெள்ளி என்று தரவில்லை. லோவின் விதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால் பெயரும் ஒரு நாணயந்தான். எத்தனை பேர் ஏழு 'ஏ' பெற்றனர் என்பதே பள்ளியின் விலையாயிற்று. நாளிதழ்களில் படங்கள் வந்தன. மாலை வகுப்பும் பயிற்சி நூலும் பெருகின. ஐந்தாம் ஆண்டிலேயே ஓவியமும் இசையும் உடற்பயிற்சியும் கணக்குக்கு இடம் விட்டு ஒதுங்கிய பள்ளிகள் உண்டு. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. இங்கிலாந்திலும், ஒரு பள்ளியின் முழு நிலையை ஒரே சொல்லில் அடக்கித் தீர்ப்புக் கூறும் வழக்கத்தைப் பரிசோதனை நிலையம் 2024-இல் விட்டுவிட்டது.

இந்த எண்கள் சிறு தோட்டப் பள்ளியை எப்படித் தாக்குகின்றன என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். ஆறாம் ஆண்டில் ஏழு பிள்ளைகள். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் பள்ளியின் தேர்ச்சி 14 விழுக்காடு சரிகிறது. அடுத்த ஆண்டு ஐந்து பேர். ஐவரும் தேறினால் நூற்றுக்கு நூறு. ஆசிரியரும் அவரே, கட்டடமும் அதுவே, பாடமும் அதுவே. சரிந்த ஆண்டில் இரண்டு குடும்பம் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றினால், மறு ஆண்டு முதல் வகுப்பில் சேர்க்க ஆளிராது. பால்மரக் காடு செம்பனையாகி, லயங்கள் காலியான இடங்களில் இது கற்பனையன்று.

அத்தகைய பள்ளிக்குப் பார்வையிட வருபவர் முதல் நாளே பார்க்கக்கூடியவை சில உண்டு. நூலகப் புத்தகங்களின் ஓரம் விரல் பட்டுக் கறுத்திருக்கிறதா, கடையில் வாங்கியபடி வெளுத்திருக்கிறதா? பிள்ளைகள் தாமாக எழுதிய கட்டுரைகளில் ஒன்றுபோல் ஒன்று இருக்கிறதா? மூன்றாம் ஆண்டில் வாசிக்கத் தெரியாதிருந்த பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது? பழைய செய்தித்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஏழு பேரில் கடைசியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அழைத்து, அது முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, அவசரப்படாமல் காத்திருந்து கேட்கலாம். லோவின் ஆறாம் படியும் அதுவேதான். அன்று கேட்டவருக்கு நேரமில்லை, வெளியே வண்டி காத்திருந்தது.